சூரா அக்காவின் வேலைப் பிரஷர்

எங்கள் பிஷ்கெக் நகரத்தில் ஐம்பது வயது தாண்டிய யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், செருப்பு அளவைச் சொல்வது போலத் தன் வேலைப் பிரஷரைச் சொல்வார். வேலை பார்ப்பதால் வருகிற பிரஷர் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த அளவில் உடம்பு தகராறு செய்யாமல் வேலை செய்கிறதோ, அது அவருடைய வேலைப் பிரஷர். "எனக்கு நூத்தி அறுபது." "எனக்கு நூத்தி எழுபது, அதுக்குக் கீழ போனாத்தான் தலை சுத்தும்." எவன் இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தானோ தெரியாது. கொதிகலனுக்குச் சொன்னதை எடுத்து மனிதர்கள் மேல் ஒட்டிவிட்டான். நான் நர்ஸுக்குப் படித்தவள். அப்படி ஒன்று கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஆறு வருடம் அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்தினேன்.

எனக்கு வேலை ஒரு பஸ் டிப்போவின் மருத்துவ அறையில். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு, மூச்சில் சாராயம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, பிரஷர் மிஷின், தடிப் பதிவேடு, முத்திரை. இவ்வளவுதான் அந்த அறை. விடியும் முன்பே டிரைவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஊதுவார்கள், கையை நீட்டுவார்கள். நான் பதிவேட்டில் எழுதி, ட்ரிப் ஷீட்டில் முத்திரை குத்துவேன். நூற்று நாற்பதுக்கு மேல் போனால் முத்திரை கிடையாது. கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கு வீட்டுக்கு. மூன்று தடவை வீட்டுக்கு அனுப்பினால் பெயர் மருத்துவக் குழுவுக்குப் போகும். குழுவுக்குப் போனவர் திரும்ப ஸ்டீயரிங்கைத் தொட்டதாக நான் பார்த்ததில்லை. துடைப்பத்தைத் தொட்டவர்கள் உண்டு. பஸ் கழுவும் கொட்டகையில் மூன்று பழைய டிரைவர்கள் இருந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் சூராகான் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். டிப்போ முழுக்க அவளைச் சூரா அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிட மூத்தவர்கள் உள்பட. அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. அகலமான தோள், ஆண்களுடைய கை, தலையில் பூப்போட்ட துணி. கன்னத்தில் எதையோ அடக்கியிருந்தாள். அது குருத். உப்புப் போட்டுக் காய வைத்த தயிர் உருண்டை. தூக்கம் வராமலிருக்க எங்கள் டிரைவர்கள் எல்லாரும் அதைச் சப்பிக்கொண்டுதான் ஓட்டுவார்கள். மிஷினில் நூற்றுத் தொண்ணூற்றாறு வந்தது. பட்டையைக் கழற்றினேன்.

"அக்கா, உங்கள விட முடியாது. டாக்டர்கிட்ட போங்க."

"எதுக்குப் போகணும்?"

"பிரஷர் நூத்தித் தொண்ணூத்தாறு."

"சரியாத்தானே இருக்கு? என் வேலைப் பிரஷர் நூத்தி எண்பது. காலைல மாடிப்படி ஏறி வந்தேன், அதுக்கு ஒரு பதினஞ்சு. நீ புதுசா? மிஷினும் புதுசா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, ரோஷம் அதிகம். முத்திரையை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினேன். டைம் கீப்பர் ரிஸ்பெக் ஓடி வந்து, அவள் ரூட்டில் மாற்று ஆள் இல்லை என்று கத்தினான். நான் அசையவில்லை. சூரா அக்கா எழுந்து, "நல்லாருடி பொண்ணே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்தபோது நூற்று முப்பத்தாறு. ஓய்வெடுத்திருக்கிறாள், நம் கண்டிப்பு வேலை செய்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு மாதம் கழித்துத்தான் என் மரமண்டைக்கு விஷயம் ஏறியது. வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் பேசாமல் நிற்பார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன். அவர்கள் எல்லார் நாக்குக்கு அடியிலும் ஒரு மாத்திரை கரைந்துகொண்டிருந்தது. அவசரத்துக்குப் போடுகிற மாத்திரை அது. அரை மணி நேரத்தில் பிரஷரை இறக்கும், சில மணி நேரத்தில் பழையபடி ஏறும். முத்திரை வாங்க அது போதும். அவர்களுக்கு அது மருந்தே இல்லை, கேட்டைத் திறக்கும் சாவி.

நானும் சும்மா இருக்கவில்லை. சூரா அக்காவைக் கையோடு பிடித்துப் பேட்டைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தினமும் காலையில் போட இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் ஒழுங்காகப் போட்டாள். பிரஷர் நூற்று இருபத்தெட்டுக்கு வந்தது. எனக்கு ஆடலாம் போலிருந்தது. பதிமூன்றாம் நாள் அவள் வந்து என் மேசையில் மாத்திரை அட்டையை வைத்தாள்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. உடம்பு துணி மாதிரித் துவளுது. என் பிரஷர் இது இல்ல, வேற எவளோடதோ."

"பழகிடும் அக்கா. ஒரு மாசம் ஆகும். இத்தனை வருஷம் மேலயே நின்ன உடம்பு."

"ஒரு மாசம் ஸ்டீயரிங்ல தூங்கச் சொல்றியா? அதோட டாக்டர் என்ன சொன்னாரு? நூத்தி இருபத்தெட்டு, நல்லாருக்குன்னார். நல்லாயிடுச்சுன்னா அப்புறம் எதுக்கு மாத்திரை? சளி போனப்புறம் சளி மருந்து குடிப்பியா?"

இதற்கு நான் நூறு பதில் சொன்னேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

அந்த வருடக் கடைசியில் என் புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். போன நான்காம் மாதம், இனி எனக்காகக் காத்திருக்காதே என்று போனில் ஒரு வரி எழுதி அனுப்பினான். மாமியார் வீட்டில் அதன் பிறகு எனக்கு இடமில்லை. டிப்போவில் யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் கண் சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டு, முதல் ட்ரிப் முடிந்ததும் சூரா அக்கா அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். முழுக் கதையையும் கேட்டாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே காலி பஸ்ஸை என் மாமியார் வீட்டு முன்னால் கொண்டு வந்து நிறுத்தி ஹாரனை அடித்தாள். என் இரண்டு பெட்டியையும் தையல் மிஷினையும் தானே தூக்கி ஏற்றினாள். அவள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. அன்றைக்குப் போனவள்தான், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

இப்போது சொல்லுங்கள், அதற்குப் பிறகு அந்தக் கையில் பட்டையைச் சுற்றி, "உங்களுக்கு முத்திரை இல்லை" என்று நான் எப்படிச் சொல்வேன்? சொல்லியிருக்க வேண்டும். அது வேறு விஷயம்.

எங்கள் பேட்டையில் பிரஷரால் விழுந்தவர்கள் அதிகம். உப்புப் போட்ட தேநீர், குதிரைக் கொழுப்பு, குளிர்காலம் முழுக்க நிலக்கரிப் புகை. விழாமல் என்ன செய்வார்கள்? கிளினிக்கிலிருந்து கட்டடத்துக்கு ஒரு பிரஷர் மிஷின் கொடுத்து, குடியிருப்பவர்களில் ஒருவர் பொறுப்பேற்று அக்கம்பக்கத்தாருக்குப் பார்க்க வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. சூரா அக்கா தூக்கினாள். நான் திகைத்துப்போய் அவளைப் பார்த்தேன்.

"என்ன பாக்கற? இந்தக் கட்டடத்துல கத்தத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். எனக்குக் கத்துக் குடு."

கற்றுக்கொடுத்தேன். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. பத்து மணிக்கு மிஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முதல் மாடியிலிருந்து கிளம்புவாள். கதவைத் தட்டமாட்டாள், இடிப்பாள். பிரஷர் போலீஸ் வருகிறது என்று பிள்ளைகள் படிக்கட்டில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். இரண்டாம் மாடியில் லூபா என்று ஒரு ரஷ்யக் கிழவி தனியாக இருந்தாள். உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன்.

"லூபா, மாத்திரை போட்டியா?"

"போட்டேன், போட்டேன்."

"நாக்க நீட்டு. பொய் சொன்னா நாக்கு வெளுக்கும்."

கிழவி நாக்கை நீட்டினாள், பாவம். சூரா அக்கா அதற்குள் கட்டிலுக்கு அடியில் குனிந்து வெள்ளரி ஜாடியை இழுத்துவிட்டாள்.

"இது யாரோடது? பூனையோடதா?"

"சூரா, ஒண்ணே ஒண்ணு விட்டு வை. கடவுள் உனக்கு நல்லது பண்ணுவார்."

"கடவுள் எனக்குப் பண்றது இருக்கட்டும், உனக்கு வாய் கோணினா சோறு ஊட்ட நான்தான் வரணும்." சொல்லிக்கொண்டே ஜாடியைத் திறந்து, அங்கேயே மேசையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து வைத்து நான்கு வெள்ளரிக்காயை லூபாவின் கண் முன்னால் கடித்துத் தின்றாள்.

"நீ மட்டும் திங்கலாமா?" என்று கிழவி அழாத குறையாகக் கேட்டாள்.

"உனக்கு வியாதி. எனக்கு வேலைப் பிரஷர்."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்ததை இப்போது நினைத்தால் என்னையே நான்கு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஆனால் ஒன்று. ஐந்து வருடத்தில் எங்கள் கட்டடத்தில் ஒருவரும் விழவில்லை. லூபா உள்பட. பக்கத்துக் கட்டடத்தில் ஐந்து பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிளினிக் டாக்டர் கூட்டத்தில் சூரா அக்காவை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்ட வைத்தார். அன்றைக்கு அவளுடைய பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. நான் பார்த்திருந்தேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை. அவள் வரிசையில் கடைசியாக வருவாள். பார்ப்பேன். நூற்று எண்பது, தொண்ணூறு. டிராயரைத் திறந்து மாத்திரையை நானே கொடுப்பேன். தெருவில் வாங்கிய எதையோ போடாமல் நல்ல மாத்திரையைப் போடட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். பெஞ்சில் உட்காருவாள். ரேடியேட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு அரைக்கண் மூடுவாள். மறுபடி பார்ப்பேன். நூற்று நாற்பதுக்குக் கீழே வந்தால் அதை எழுதுவேன். நூற்று ஐம்பத்தைந்து வந்தால் நூற்று முப்பத்தெட்டு என்று எழுதுவேன். அழகாக எழுதுவேன், எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.

கடைசி வருடம் அவளுக்கு ஐம்பத்தேழு. பெண்களுக்கு ஐம்பத்தெட்டில் பென்ஷன். மே மாதம் அவளுக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. இலையுதிர் காலத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. பின்னந்தலை வலிக்கிறது என்று துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் ட்ரிப் முடித்து வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள், ஓஷ் பஜார் நிறுத்தத்தில் நின்று, அந்த நிறுத்தத்தின் பெயர் ஞாபகம் வராமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாளாம். முப்பது வருடமாகச் சொன்ன பெயர். பின்னாலிருந்து யாரோ, "அக்கா, பஜார் வந்துருச்சா?" என்று கேட்டதும் பெயர் வந்துவிட்டதாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்தினேன்.

"அக்கா, நாளைக்கு நான் நிஜத்த எழுதப் போறேன். குழுவுக்குப் போங்க."

"எழுதேன்."

"விளையாட்டுக்குச் சொல்லல. வண்டில எண்பது பேர் இருக்காங்க."

"முப்பது வருஷமா இருக்காங்க. ஒருத்தன் முழங்கால்ல சிராய்ப்பு இருக்கா, கேட்டுப் பாரு." பிறகு குரலை இறக்கி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் குரலை இறக்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "ஜிபார், எட்டே மாசம். என்னைத் துடைப்பத்தோட நிறுத்திடாத. நான் ஓட்டின வண்டிய நானே கழுவி, அதுல இன்னொருத்தன் ஏறி உக்கார்றத நான் பாக்கணுமா? மே மாசம் முடியட்டும். உன் டிராயர்ல இருக்கற அத்தனை மாத்திரையும் நான் முழுங்கறேன். தினமும். லூபா மாதிரி நாக்க நீட்டிக் காட்டறேன்."

"சத்தியமா?"

"ரொட்டி மேல சத்தியம்."

ரொட்டி மேல் சத்தியம் செய்துவிட்டு எங்களில் யாரும் மாறமாட்டார்கள். நான் நம்பினேன். அவளும் செய்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டு மாதத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்று இரண்டு பேரும் நினைத்தோம். நான் படித்தவள், நானும் நினைத்தேன்.

ஜனவரியில் காய்ச்சல் பரவி டிரைவர்கள் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. வெளியே புகையும் பனியும் சேர்ந்து தெருவிளக்கே தெரியவில்லை. சூரா அக்கா உட்கார்ந்து கையை நீட்டினாள். இருநூற்று நான்கு. மாத்திரை கொடுத்தேன். கால் மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். நூற்று எண்பத்திரண்டு. இன்னும் ஒரு மாத்திரை கொடுக்கலாமா என்று யோசிக்கும்போதே ரிஸ்பெக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அம்மா தாயே, நாலு வண்டி ஆள் இல்லாம நிக்குது. ஸ்டாப்ல ஜனம் உறைஞ்சு போகுது. என்ன பண்றீங்க ரெண்டு பேரும், கல்யாணம் பேசறீங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைக் கெஞ்சவில்லை. ட்ரிப் ஷீட்டை மேசையில் வைத்துவிட்டுத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தைந்து என்று எழுதி முத்திரை குத்தினேன்.

"சாயங்காலம் மேல வா. மந்திக் கொழுக்கட்டை அவிக்கறேன், பூசணி போட்டு" என்றாள். போய்விட்டாள்.

பத்து மணி வாக்கில் மேசைப் போன் அடித்தது. மேனேஜரும் ரிஸ்பெக்கும் அப்போது என் அறையில்தான் இருந்தார்கள், யார் யார் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டுக்கொண்டு. ஆம்புலன்ஸிலிருந்து ஒருவன் பேசினான். உங்கள் டிரைவர் ஒரு அம்மா, நிறுத்தத்தில் வண்டியைச் சரியாக ஓரம் கட்டி, பிரேக் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, அப்படியே ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டார்கள். பயணிகள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வலது பக்கம் அசைவில்லை. பிரஷர் இருநூற்று முப்பது.

பிறகு கேட்டான், எங்கள் ஊர் ஆம்புலன்ஸ்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி.

"அவங்க வேலைப் பிரஷர் எவ்வளவு? சீக்கிரம் சொல்லுங்க, மருந்து ஏத்தணும்."

நூற்று எண்பது, தொண்ணூறு. எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் பதிவேடு திறந்தே கிடந்தது. காலையில் எழுதிய மை. "நூத்தி முப்பத்தெட்டுக்கு எண்பத்தஞ்சு" என்றேன்.

"நல்ல பிரஷராச்சே" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "பதிவேடு சரியா இருக்கு, பிழைச்சோம்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன், அது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. நிஜத்தைச் சொன்னால் அக்காவை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்களே என்று ஒரு நினைப்பும் அந்த நொடியில் ஓடியது. வலது பக்கம் அசையாமல் கிடக்கிறவளுக்கு நான் ஸ்டீயரிங்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ஆறு வருடப் பழக்கம் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. இளவயது டாக்டர் ஒருவர் வெளியே வந்தார், தூங்கி இரண்டு நாளாகியிருக்கும் போலிருந்தது.

"நீங்க சொந்தமா?"

"பக்கத்து வீடு."

"இவங்களுக்குப் பிரஷர் இருந்ததில்லன்னு எழுதியிருக்கு. இதயம் பாத்தா பத்து வருஷமா பிரஷரோட போராடின இதயம். நூத்தி முப்பத்தெட்டுக்குப் பழகின உடம்புன்னு நினைச்சு வேகமா இறக்கிட்டாங்க. அவ்வளவு உயரத்துக்குப் பழகின மூளைக்குத் திடீர்னு இறக்கினா ரத்தம் பத்தாது. மெதுவா இறக்கியிருக்கணும்." கண்ணைக் கசக்கினார். "எந்த முட்டாள் இந்த நம்பரக் குடுத்தான்னு தெரியல."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மெதுவாக இறக்கியிருந்தால் இவ்வளவு மோசமாகாமல் இருந்திருப்பாளா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஒன்பது நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் ஒரு தடவை உள்ளே விட்டார்கள். கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. அந்தப் பெரிய இடது கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் விடிகாலை போய்விட்டாள்.

ஒரே மகள் சினாரா, முப்பத்து நான்கு வயது, மாஸ்கோவில் ஒரு கேண்டீன் சமையலறையில் வேலை. அடக்கத்துக்கு வந்தவள் நாற்பதாம் நாள் வரை இருந்தாள். நாற்பதாம் நாள் விருந்தை வீட்டிலேயே செய்தாள். விடியற்காலையில் எண்ணெயைக் காய்ச்சி மாவுத் துண்டு பொரித்தார்கள், அந்த வாசனை இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பதால். கட்டடமே வந்தது. டிப்போவிலிருந்து இருபது பேர். லூபா ஒரு மூலையில் உட்கார்ந்து, "என்னைத் திட்ட இனிமே யார் இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு அழுதாள்.

ஆட்டுக்கறி வந்தது. எங்களில் எந்தத் துண்டு யாருக்கு என்று கணக்கு உண்டு. இடுப்பெலும்புத் துண்டு மரியாதைக்குரிய பெண்ணுக்கு. அங்கே எழுபது, எண்பது வயதுக் கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். சினாரா தட்டை எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வந்து என் முன்னால் வைத்தாள்.

"ஆறு வருஷம் எங்கம்மாவப் பாத்துக்கிட்டவங்க இவங்கதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தினமும் காலைல கையப் பிடிச்சுப் பாத்து அனுப்பியிருக்காங்க. பெத்த பொண்ணு நான் அதப் பண்ணல."

கிழவிகள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்தத் துண்டை மறுக்கக் கூடாது. மறுத்தால் செத்தவரை அவமதித்ததாகும். எல்லார் முன்னாலும் அதைத் தின்றேன். ஒவ்வொரு வாயும் மணலாக இறங்கியது.

கூட்டம் போன பிறகு சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் தட்டுக் கழுவினாள், நான் துடைத்தேன். இனி ஒரு தட்டுகூடத் துடைக்க முடியாது என்று தோன்றியபோது துணியை வைத்தேன்.

"சினாரா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காலைல அம்மாவுக்கு இருநூத்தி நாலு. மாத்திரை குடுத்தப்புறமும் நூத்தி எண்பத்திரண்டு. நான் நூத்தி முப்பத்தெட்டுன்னு எழுதி அனுப்பினேன். ஆம்புலன்ஸ்ல கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன். டாக்டர் சொன்னார், அந்த நம்பராலதான் வேகமா இறக்கிட்டாங்களாம். நான்தான் சொன்னேன் அந்த நம்பர."

குழாயை நிறுத்தினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அடிக்கட்டும் என்று நின்றேன். திட்டட்டும், முடியைப் பிடித்து இழுக்கட்டும், கட்டடம் முழுக்கக் கேட்கக் கத்தட்டும். அந்த ஒன்றுக்காகத்தான் நாற்பது நாள் காத்திருந்தேன்.

அவள் ஈரக் கையால் என் தோளைத் தொட்டாள்.

"அக்கா, ஏன் உங்களையே போட்டு இப்படிக் குத்திக்கறீங்க? இருநூறெல்லாம் அம்மாவுக்கு ஒரு விஷயமா? அவ வேலைப் பிரஷரே அதானே. நீங்க நிஜத்த எழுதியிருந்தா அவ கையில துடைப்பத்தக் குடுத்திருப்பாங்க. அன்னிக்கே செத்திருப்பா. நீங்க அவள வண்டியிலயே வச்சிருந்தீங்க. டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. ஆயுசு அவ்வளவுதான்."

"இல்ல சினாரா, நீ புரிஞ்சுக்கணும்..."

"எனக்குப் புரியாததா? எங்க வம்சமே அப்படி." சிரிக்கக்கூடச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கே நூத்தி அறுபத்தஞ்சு. மாஸ்கோல ஒரு டாக்டரம்மா பயந்து போய் மாத்திரை எழுதிக் குடுத்தா. நாலு நாள் போட்டேன், அடுப்புகிட்ட நிக்க முடியல, கால் துவண்டுபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன். என் வேலைப் பிரஷர் அது."

"கையக் குடு" என்றேன். "கையக் குடு சினாரா, இப்பவே பாக்கணும்."

"ஐயோ அக்கா, இப்பவா? இன்னும் எவ்வளவு பாத்திரம் கிடக்கு பாருங்க. வெள்ளிக்கிழமை எனக்கு பிளேன் வேற, துணிகூட மடிச்சு வைக்கல."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அம்மாவைப் போலவே அகலமான கை. அவள் சின்னப் பிள்ளையிடமிருந்து விடுவித்துக்கொள்வது போல என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குழாயைத் திறந்து மறுபடி தட்டுக் கழுவத் தொடங்கினாள்.